கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாது

மலேசியாவில், தம்பின் ஊருக்குப் போகும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது எங்கள் தோட்ட ஆஸ்பத்திரி. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். நான் அங்கே தாதி. தோட்டத்து மக்கள் வாயில் 'மிஸ்ஸி'. வார்டு மின்விசிறியைப் பழுது பார்க்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு நாங்கள் ஓய்ந்திருந்த நேரத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

"மிஸ்ஸிங்களோட வேலைச் சுமையைக் குறைக்கத்தான்" என்றார் நிர்வாகி. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பேசிய கூட்டத்தில் அவரும், தோட்டத்து ஆள் கணக்கு எழுதும் தலைமை எழுத்தரான பெரிய கிராணியும், சிரம்பானிலிருந்து வந்த புரோகிராமரும் இருந்தார்கள். தாதி ஒருத்திகூட இல்லை. சுமையைக் குறைக்கும்போது சுமப்பவர்களைத் தொந்தரவு செய்யலாமா? போட்டோ எடுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சீருடை படத்தில் எடுப்பாக இருக்குமாம்.

கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாது என்று மருந்து அறையைக் காலி செய்து ஏர்கோன் மாட்டினார்கள். கரண்ட் போனால் அதற்கு ஆகாது என்று புது ஜெனரேட்டரை அந்த ஓர் அறைக்கு மட்டும் இணைத்தார்கள். நோயாளிகளுக்கு வியர்க்கலாம். இருட்டும் அவர்களுக்குப் பழக்கம்தானே.

புரோகிராமின் நடைமுறை இப்படி: நோயாளியின் பெயர், தோட்டம், வேலை வாங்கும் மண்டோர் யார், கடைசியாக எப்போது வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என எல்லாவற்றையும் அடித்து முடித்தால்தான் மருந்துப் பக்கம் திறக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் 'பீப்' என்று கத்தும். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியில் கையைக் கிழித்துக்கொண்டு வந்த ஒருவரின் காயத்தைத் துணியால் அழுத்திக்கொண்டே, "அண்ணே, போன மாசம் எதுக்கு லீவு போட்டீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல கையைக் கட்டுங்க லா மிஸ்ஸி. உயிரோட இருந்தா சொல்றேன்" என்றார் அவர்.

சுமை குறைந்தது பெரிய கிராணிக்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. புரோகிராமரிடம் முறையிட்டேன். டையை நேராக்கிக்கொண்டு, "பழகினா சரியாயிடும் சிஸ்டர்" என்றார்.

ஒரு மத்தியானம் அவர் எதையோ சரிபார்க்க வந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இடி விழுந்து கரண்ட் போனது. பிரசவ அறையில் பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தி, தலைப்பிரசவம், வலி முற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் வரும் நாள் அதுவல்ல. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் நேரமில்லை. ஆஸ்பத்திரியிலேயே விளக்கு எரிந்த இடம் ஒன்றுதான். நானும் இன்னொரு தாதியும் கட்டிலோடு அவளை அங்கே தள்ளிக்கொண்டு போனோம்.

"சிஸ்டர், இங்க கால்ல சப்பாத்து போட்டுக்கிட்டு வரக்கூடாது!" என்று பதறினார் புரோகிராமர்.

"அவ சப்பாத்து போடல. வழி விடுங்க."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. விரலைவிட்டு மெல்லத் தளர்த்தி எடுத்தேன். பெண் குழந்தை. அழவில்லை. முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன், வேண்டாத தெய்வமில்லை. பிறகு ஒரு வீறல். சுவர்ப்பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தாய்க்கு உதிரப்போக்கு அதிகமாக இருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை நாடியும் வயிறும் பார்க்க வேண்டும். வார்டிலும் ஆட்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, உங்க கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணிக்கொரு தரம் என்னைக் கூப்பிடுங்க" என்றேன். மழை விடும்வரை, "சிஸ்டர், டைம்!" என்று அந்த மனிதர் வராந்தாவில் ஓடி ஓடிக் கூப்பிட்டார். அவ்வளவு படித்தவர் எங்களுக்குச் செய்த முதல் உதவி அதுதான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். "இப்படி நேரத்துக்குக் கூப்பிடறதைத்தான் உங்க கம்ப்யூட்டர் செய்யணும்" என்றேன் புரோகிராமரிடம். அடுத்த வாரம் அவர் டை இல்லாமல் வந்து, வார்டு பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வேற என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது, நான் விடுவேனா? சலைன், மாத்திரை, சாப்பாடு, படுக்கை விரிப்பு என்று அடுக்கினேன்.

"இதெல்லாம் போட்டா பழசை விட நீளமாயிடும் சிஸ்டர்!"

அதுவும் சரிதான். சண்டை போட்டுச் சண்டை போட்டுக் குறைத்தோம். கடைசியில் எந்தக் கட்டில், யார், அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது என்பது மட்டும் நின்றது. நேரம் வந்தால் பெல் அடிக்கும். முதல் பெல்லுக்கு இருதயக்காரர் ஒருவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். சத்தத்தைக் குறைத்தோம். லீவு விவரமெல்லாம் கடைசிப் பக்கத்துக்குப் போனது. வேண்டுமென்றால் பெரிய கிராணியே வந்து அடித்துக்கொள்ளலாம். அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பெல் காதில் விழ வேண்டுமே! கம்ப்யூட்டர் வார்டுக்கு வந்தது. அதற்கு வியர்க்கக் கூடாதென்பதால் ஏர்கோனும் கூடவே வந்தது. நோயாளிகள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் படுத்திருந்தார்கள்.

சில மாதங்களில் கோலாலம்பூரிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வந்தார்கள். "பெல் வைக்கணும்னு நான்தான் சொன்னேன்" என்று நிர்வாகி விளக்கிக்கொண்டிருந்தார். புரோகிராமர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெல் அடித்தது. கடைசிக் கட்டில் பாட்டிக்கு ஊசி நேரம். கைதட்டலை அவர்களிடமே விட்டுவிட்டு நான் ஊசியை எடுத்துக்கொண்டு போனேன்.