தொட்டிக்குப் போட்ட மருந்து

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் தொட்டிகளைக் கட்டினார்கள். ஊர்ச் சாக்கடை முழுக்கக் குழாய் வழியாக வந்து அதில் விழும், சுத்தமான பிறகு கண்மாய்க்குப் போகும் என்றார்கள். எனக்கு அன்றைக்கே நம்பிக்கை இல்லை. கோடையில் என் ஆடுகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது. அந்தக் கண்மாய் கெட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு நான் தீப்பெட்டி ஆபீசுக்குத்தான் வேலைக்குப் போகவேண்டும்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ள விளாத்திகுளத்திலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்துபோனாள். முப்பது வயதிருக்கும். நான் ஆடுகளைக் கரையில் மேயவிட்டு, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவளையே கவனிப்பேன். வேலைவெட்டி இல்லாதவன் என்று நினைத்திருப்பாள், நினைத்துவிட்டுப் போகட்டும். கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்து, அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதுவாள். இதற்கு ஒரு சம்பளமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொட்டியிலோ காபி நிறத்தில் நுரை பொங்கிக் கிடந்தது.

ஒருநாள் வாளியில் சாணியைக் கரைத்து அதில் ஊற்றினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, சாக்கடைல சாணியக் கலக்குதியே, இதான் ஒங்க ஊர்ல சுத்தமா?"

"சாணியும் வெல்லமும் அண்ணாச்சி. உள்ள இருக்க கிருமிக்குத் தீனி. அதுகதான் அழுக்கத் திங்குது. அதுக செத்துட்டா எல்லாம் போச்சு."

கிருமிக்குத் தீனி போடுகிறாளாம். யார் காதில் பூச்சுற்றுகிறாள் என்று முனகிக்கொண்டே ஆடுகளைப் பத்தினேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அவ படிச்ச பிள்ள. ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் ஊர்க் கிணற்றை இறைத்துத் தூர் வாரி, ஊறி வரும் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுவது வருசா வருசம் என் பொறுப்பு. மறுநாள் கிணற்றின் அடித்தரையே தெரியும். கிருமி என்றால் கொல்ல வேண்டியது. எங்களுக்குத் தெரிந்த சுத்தம் அதுதான். அவள் கோவில்பட்டிக்கு மீட்டிங் போயிருந்த ஒரு மதியம், கேட்டில் சுற்றியிருந்த கம்பியை அவிழ்த்து உள்ளே போய், மிச்சமிருந்த அரை மூட்டைப் பவுடரையும் தொட்டியில் கொட்டினேன். ஊருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் நாற்றம் ஊருக்குள் வந்தது. கண்மாயில் கறுப்பாகத் தண்ணீர் விழுந்தது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. தாகம் பொறுக்காமல் குடித்த இரண்டு சினையாடுகள் கழிந்து கழிந்தே செத்தன. ஊரே அவள்மேல் பாய்ந்தது. எழுதவே வெட்கமாயிருக்கிறது, எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் நான்தான். அப்போதுகூட என் பவுடர்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நான் பார்க்காத நேரத்தில் அவள்தான் எதையோ கலந்துவிட்டாள் என்று நம்பினேன்.

பிறகு அதிகாரி ஒருவர் வந்து தண்ணீரைச் சோதித்தார். தொட்டியில் இருந்த கிருமியெல்லாம் செத்துவிட்டது, அதனால்தான் சாக்கடை அப்படியே கண்மாய்க்குப் போகிறது என்றார். "ஒண்ணு, யாரோ உள்ள வந்து பிளீச்சிங் போட்டிருக்கணும். இல்லன்னா நீ ஒழுங்கா கவனிக்கல. ரெண்டுல எது? ஒன் வேலை அதுலதாம்மா இருக்கு."

நான் ஆடுகளைப் பத்திக்கொண்டு நழுவப் பார்த்தேன். அவள் நேராக வேலியோரம் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, நான் வந்த நாள்லருந்து நீங்க இங்கனயேதான் நிக்கிய. நான் இல்லாதப்ப உள்ள யாராச்சும் வந்தாவளா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"யாரும் வரல" என்றேன்.

அவள் அதிகாரி பக்கம் திரும்பி, "அப்ப தப்பு எம்மேலதான் சார். அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாவ" என்றாள்.