வளையல் அளவில் ஒரு சைலன்சர்

சைலன்சரில் ஓட்டை விழுந்தால் மற்ற ஊர்க்காரனுக்குச் சத்தம்தான் பிரச்சினை. எங்களுக்குப் பொறி.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு என் பழைய டீசல் பிக்கப்பில் லோடு அடித்துக்கொண்டிருந்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வர ஆரம்பித்திருந்த நேரம். கேட்டில் தீப்பெட்டி, பீடியோடு அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வண்டி உள்ளே போக வேண்டுமானால் புகைக்குழாய் முனையில் வாட்ச்மேன் ஒரு மூடியை மாட்டுவார். அதற்குள் கம்பிவலை இருக்கும். புகை வெளியே வரும், நெருப்புப்பொறி வராது. கம்பெனியில் இருந்தது ஒரே அளவு மூடிதான். அது குழாயில் சேரவில்லை என்றால் குழாயைத்தான் மாற்ற வேண்டும்.

அதே கம்பெனியில்தான் என் மனைவி வேலை பார்த்தாள். வெடிமருந்து அடைக்கிற ஷெட். லோடு ஏற்றப் போகிற பாதை அந்த ஷெட்டை ஒட்டித்தான் போகும். அந்த இடத்தை முதல் கியரிலேயே உருட்டித் தாண்டுவேன். சாத்தூர் ரோட்டு மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோது குழாயிலிருந்து கனன்ற கரித்துண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு எவன் வந்து "ஒண்ணும் ஆகாதுலே" என்று சொன்னாலும் அவனை அறையத்தான் தோன்றும்.

சீசன் சூடு பிடித்த சமயத்தில் சைலன்சரும் குழாயும் துருப்பிடித்து உதிர்ந்தன. புதுக் குழாய் போட வேண்டும். மூடியின் வாய் அளவு தெரியாமல் என்ன குழாய் வாங்குவது? மூடியைக் கையில் தரமாட்டேன் என்றார் வாட்ச்மேன். "இங்கனயே பாத்துக்கோங்க. வெளிய போச்சுன்னா என் வேல போயிரும்."

என்னிடம் டேப் இல்லை. வண்டியின் முன்தட்டில் அவளுடைய வளையல் கிடந்தது. உலோகம் எதுவும் ஷெட்டுக்குள் போகக் கூடாது என்பதால் பெண்கள் காலையிலேயே வளையல், கொலுசைக் கழற்றிவிட வேண்டும். தடிமனான கவரிங் வளையல். மூடியின் வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதை எடுத்துக்கொண்டு விருதுநகர் போனேன்.

சைலன்சர் கடைக்காரர் என்னை உட்காரக்கூட விடவில்லை. "மூணு இஞ்சு போடு மாப்ள. அம்புட்டுப் பயலும் அதத்தான் போடுதான். இழுவ கூடும். லோடோட மேட்டுல பறக்கும்."

"எனக்குப் பறக்க வேண்டாம். ஏத்துற சரக்கே பறக்குற சரக்குதான். இந்த அளவு வேணும்."

வளையலைப் பார்த்ததும் கடையே சிரித்தது. "என்ன மாப்ள, சைலன்சருக்கு வளைகாப்பா? எத்தன மாசம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குழாய்களில் ஒவ்வொன்றாக வளையலை மாட்டிப் பார்த்தார். ஒன்றில் இறுக்கமாக ஏறியது. "பாரு, பொண்ணு கைக்குப் போட்ட மாதிரி இருக்கு." எனக்கும் சரி என்றுதான் பட்டது. அந்தக் குழாயையே வண்டியில் வெல்டிங் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் காலை அவளை இறக்கிவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். வாட்ச்மேன் மூடியை மாட்டினார். ஆடியது. கிளாம்ப்பை முறுக்கினார். அப்போதும் ஆடியது. என்ஜினை உறுமவிட்டதும் கடகடவென்று கழன்று தரையில் விழுந்தது.

மேனேஜர் வந்தார். "சரக்குக்கு ரோட்டுல லாரி காத்துக்கிட்டு நிக்கிது. சாக்க சுத்தி கம்பிய வச்சுக் கட்டிட்டு உள்ள போலே."

"சாக்கு தீப்பிடிக்கும் சார்."

"எனக்குப் பாடம் எடுக்கியா? போறதுன்னா போ. இல்லேன்னா வேற வண்டி வரும். இனிமே இந்தப் பக்கம் வராத."

"வரல."

அவர் கேட் ரூம் போனில் வேறு வண்டிக்குச் சொல்லப் போனார். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, என்னதான் தப்பு என்று வளையலை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. மூடிக்கு உள்ளே நுழைந்த வளையல் குழாய்க்கு வெளியே மாட்டியிருக்கிறது. வளையலின் தடிமன் அளவுக்குச் சுற்றிலும் இடைவெளி. இதைக் கண்டுபிடிக்க ஒரு கடை முழுக்க ஆள் இருந்தும் சிரிக்கத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் விஸ்வநத்தம் பக்கமிருந்து ஒரு வாடகை பிக்கப் வந்தது. பின்னால் மூணு இஞ்சுக் குழாய். மூடி அதில் ஏறவே ஏறாது. வாட்ச்மேன் மேனேஜர் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் தலையை ஆட்டினார். மூடியைக் குழாய் முனையில் சும்மா தொங்கவிட்டுக் கம்பியால் கட்டினார்கள்.

நான் உள்ளே போகாவிட்டால் ஆபத்தும் உள்ளே போகாது என்று நினைத்திருந்தேன். அந்தக் குழாய் இப்போது அவள் ஷெட்டுப் பக்கம் போகப் போகிறது. வண்டியை எடுத்துக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன். சாவியைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஏலே, வண்டிய எடுலே!" என்று மேனேஜர் கத்தினார். கெட்ட வார்த்தைகளும் வந்தன. எனக்கும் தெரியும், நானும் திருப்பிக் கொடுத்தேன். லோடு ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், மகளை அதே ஷெட்டுக்கு அனுப்புகிறவர், நிதானமாகச் சொன்னார்: "என்ஜின அமத்தச் சொல்லுங்க சார். நாங்க தள்ளிட்டுப் போறோம்."

மேனேஜருக்கு வேறு வழியில்லை. என் வண்டியை எடுத்தேன். அந்த பிக்கப்பைத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே விட்டிருந்தால் நானும் தள்ளியிருப்பேன்.

சாயங்காலம் அவள் வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கேள்விப்பட்டிருந்தாள்.

"வளையல் எங்கங்க?" கொடுத்தேன். "இதென்ன கரி?"

"சைலன்சருக்கு அளவு பாத்தேன்."

"கிறுக்கா உங்களுக்கு?" சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு மெதுவாக, "உங்கள வரவேண்டாம்னுட்டாகளாமே. நான் நாளைக்கு வந்துதான ஆகணும்?"

நான் வண்டியைக் கிளப்பினேன்.

மறுநாள் காலையும் அவளைக் கொண்டுவந்து இறக்கினேன். வளையலைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். கேட்டுக்கு முன்னால் லோடு வண்டிகள் வரிசையாக நின்றன. வாட்ச்மேன் மூடியை மாட்டிய ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் போய்க் குனிந்து, பிடித்து ஆட்டிப் பார்த்தேன். டிரைவர்கள் திட்டினார்கள். ஆடினால் வாட்ச்மேனைப் பார்த்தேன். அவர் வந்து கிளாம்ப்பை இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.