காகிதத்தில் இரண்டு கால்கள்

பிள்ளைகளே, எங்கள் வீட்டில் யாருக்கு ஷூ தைப்பதென்றாலும் அப்பா முதலில் காகிதத்தின் மேல் காலை வைக்கச் சொல்வார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவருக்குத் தோல் வெட்டுகிற வேலை. கம்பெனி கழித்துப்போட்ட துண்டுத் தோலை வாங்கிவந்து பிள்ளைகளுக்குத் தைப்பார். குவைத்தில் வேலை பார்த்த சித்தப்பாவும் வருஷம் தவறாமல் தன் மகளின் பாதத்தைப் பென்சிலால் வரைந்து தபாலில் அனுப்புவார். அங்கேயே பிறந்த அந்தத் தங்கச்சியின் முகம் எனக்குத் தெரியாது. பாதம் தெரியும்.

எனக்குப் பத்து வயதில் அங்கே சண்டை வந்தது. தபால் நின்றது, போன் நின்றது. இரண்டு மாதம் கழித்து, நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம் ஒன்று அந்தத் தங்கச்சியைக் கூட்டிவந்தது. அகதி முகாமில் தனியாக நின்றாளாம். சித்தப்பா வீட்டின்மேல் குண்டு விழுந்து அவரும் சித்தியும் இறந்துபோன சேதி அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்கு ஆறு வயது. கையில் ஒரு துணிப்பை.

அப்பா அன்றே எங்களைக் கூப்பிட்டு, "அவகிட்ட யாரும் எதையும் கேக்கக்கூடாது. கேட்டா தோலை உரிச்சிடுவேன்" என்றார். பார்க்கிற தொழில் அப்படி என்பதால் நான் அதை நிஜமாகவே நம்பினேன். பக்கத்து வீட்டு அத்தை வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "அங்க இன்னாடி கண்ணு நடந்துச்சு?" என்று ஆரம்பித்ததும் குறுக்கே போய் நின்றேன்.

"அதெல்லாம் கேக்கக்கூடாது அத்தே. அப்பா தோலை உரிச்சிடுவாரு."

"எனக்குமாடா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். என் காவல் அவ்வளவு கெட்டி.

தங்கச்சி அதிகம் பேசமாட்டாள். பால் கொடுத்தால் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தட்டு போட்டு மூடிவைப்பாள். பால் ஜாஸ்தியாக இருக்கிறது போல என்று அம்மா அளவைக் குறைத்தார். அதிலும் பாதி மிச்சம் வைத்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அப்பா அவளுக்கு ஷூ தைக்கக் காகிதத்தை விரித்தார். அவள் உள்ளே ஓடிப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அப்பா வரைஞ்சு வெச்சது" என்றாள்.

பிரித்தால் இரண்டு பாதங்கள். ஒன்று அவள் அளவு. மற்றது என் நடுவிரல் நீளத்துக்குமேல் இல்லை.

"ஒரு காலு பெருசு, ஒரு காலு துண்டு" என்று நான் சிரித்தேன்.

"அது தம்பி காலு" என்றாள்.

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். முன்னே இரண்டு தடவை கரு கலைந்துபோனதால், பிறக்கும்வரை யாருக்கும் சொல்லவேண்டாம் என்று சித்தி இருந்திருக்க வேண்டும்; பிறந்தபோது தபால் நின்றுபோயிருக்கும்.

"தம்பியா? எங்கம்மா அவன்?"

"பக்கத்து வீட்டு அரபி அம்மாகிட்ட. பால் இல்லாம அவ்ளோ தூரம் வரமாட்டான்னு அவங்களே வெச்சிக்கிட்டாங்க. என்னைய மட்டும் பஸ்ல ஏத்திவிட்டாங்க."

"ஏம்மா இத்தினி நாளா சொல்லல?"

"யாரும் கேக்கலியே, பெரியப்பா."

தங்கச்சி மூடிவைத்த பால் டம்ளரின் தட்டை அம்மா எடுத்துப் பார்த்தார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, காகிதத்தோடு வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறினார்.

"பெரியப்பா தம்பியைக் கூட்டினு எப்போ வருவாரு?" என்று தங்கச்சி கேட்டாள். பஸ் நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். "ஆறு மணி பஸ்ல" என்றேன். அஞ்சுக்கே போய் பஸ் ஸ்டாப் திண்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

ஆறு மணி பஸ்ஸில் அப்பா மட்டும் இறங்கினார். எங்களைத் தேடி அங்கே வந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "குழந்தை பேரு இன்னான்னு கேட்டாங்க. பேரைக் கேக்காமயே வந்துட்டேன் சார், காலுதான் இருக்குதுன்னேன். எழுதி வாங்கிக்கினாங்க. போன வாரமா இருந்தா யாரையாச்சும் அனுப்பித் தேடியிருப்பாங்களாம். இப்போ வழியை மூடிட்டாங்களாம்."

தங்கச்சி பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "அடுத்த பஸ்ஸு ஏழு மணிக்கு" என்றேன்.

வீட்டுக்கு வாங்க என்று அப்பா அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, அதிலும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த அப்பா எதற்காக அந்த ஏழு மணி பஸ்ஸுக்குக் காத்திருந்தார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.