சாயல்குடிக் கரையில் நான் போட்ட பூஜ்யங்கள்

2008 புரட்டாசி, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 6.10 மணிக்கு ராமநாதபுரம் பஸ் நிலையத்திலிருந்து சாயல்குடி வண்டி கிளம்பிவிட்டது. நான் ஓடிப்போய்ப் படியில் தொற்றினேன். அதற்குக் கண்டக்டரிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. டிக்கெட் பதினாறு ரூபாய். கீழக்கரை, ஏர்வாடி, சிக்கல் வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஏர்வாடி வரை நின்றுகொண்டே போனேன்.

எதற்குப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தகவல் ஏற்றுவது என் வேலை. மன்னார் வளைகுடாவில் எங்கே என்ன மீன் விழுகிறது, எந்தப் பவளப்பாறை வெளுத்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, பெண்கள் விற்பதற்கு எவ்வளவு கடல்பாசி எடுக்கிறார்கள் என்று கரையோர ஊர்களிலிருந்து தாள்கள் வரும். அவற்றை நாங்கள் ஓர் இணையதளத்தில் ஏற்றுவோம். வேறு வேறு ஊர்களில் இருக்கும் ஆராய்ச்சிக்காரர்கள், அதிகாரிகள், கல்லூரி ஆசிரியர்கள் எல்லாரும் அதே தளத்துக்குள் வரலாம். ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் எடுத்துக் கணக்குப் போடலாம், மூன்றாமவர் வரைபடம் போடலாம். நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஒரே ஒரு குறை: எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட அத்தனை பேரில் ஒருவரும் இந்த சாயல்குடி பஸ்ஸில் ஏறியதில்லை. நானும் ஏறியதில்லை. இத்தனைக்கும் எனக்குச் சொந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், இதே மாவட்டம். வெட்கக்கேடு.

அந்தத் தளத்தின் வரைபடத்தில் மாரியூரை ஒட்டிய கடலில் ஒரு துண்டு மட்டும் சிவப்பாக மாறியிருந்தது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அங்கே எடுத்த பாசி பூஜ்யம். ஆகவே பாசி அழிந்துவிட்டது. ஆகவே அந்த ஊர்ப் பெண்களை இனிமேல் அங்கே இறங்க விடக்கூடாது. வியாழக்கிழமை ராமநாதபுரத்தில் இதற்கான கூட்டம். அதில் காட்டுவதற்கு, அழிந்துபோன பாறையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வா என்று கேமராவைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார் எங்கள் ஒருங்கிணைப்பாளர்.

காலை 8.00. சாயல்குடி. ஒரு டீ, இரண்டு வடை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு எட்டு ரூபாய். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், அது விட்ட இடத்தில் பனை, பனை விட்ட இடத்தில் உப்பளம். டிரைவர் என் கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“பாசிக்காரப் பொம்பளைகளப் படம் புடிக்கவா? ஆபீஸ்காரவுக யாரு வந்தாலும் செருப்பு நனையாமப் பாத்துட்டுப் போயிருவாக. நீங்க எப்படி?”

“நனைப்பேன்” என்றேன் வீறாப்பாக. நான் கண்மாயில் குளித்து வளர்ந்தவள். கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

காலை 8.50. மாரியூரைத் தாண்டி ஒரு கரையோரக் குடியிருப்பு. அதன் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் நிற்பார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, நெற்றியில் ஏற்றிவைத்த நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. துடுப்பு போலக் காலில் கட்டிக்கொள்ளத் தகரத்தை வெட்டி வைத்திருந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் ராக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்த காரணத்தைச் சொல்லி, அச்செடுத்த வரைபடத்தை அவரிடம் நீட்டினேன்.

“இது என்னத்தா, கடலுக்கு அம்மை போட்டிருக்கு?” என்றார்.

“சிவப்பா இருக்க இடத்துல பாசி அழிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்க்கா.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். ராக்கு மட்டும் சிரிக்கவில்லை. “அழிஞ்சுபோச்சுன்னு எவன் சொன்னான்? எறங்கு. பாசி செத்துக் கெடந்துச்சுன்னா நானே உன் படத்துக்கு வந்து நிக்கிறேன். கெடக்கலைன்னா அந்தத் தாளை இங்கனயே கிழிக்கணும். எறங்கு தாயி, என்ன முழிக்கிற?”

டிரைவரிடம் பேசிய வீறாப்பு இப்போது கழுத்துக்கு வந்துவிட்டது. கேமராவைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். அரை மணி நேரம் நடந்திருப்போம், தண்ணீர் மார்பு வரை. ராக்கு ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு தன் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டார். தலையை முக்கினேன். பாறை முழுக்கப் பாசி, கதிர் பொதிந்த நெற்பயிர் போல அடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பாசிக்கு நடுவே சின்னச் சின்ன மீன்கள். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து இருமினேன். ராக்கு ஒரு கொத்தைக் கிள்ளிக் காட்டினார். அடியை விட்டுவிட்டு நுனியை மட்டும்தான் கிள்ளினார்.

“அப்ப சித்திரை வைகாசியில மட்டும் ஏங்க்கா ஒண்ணுமே எடுக்கலை?”

“அந்த ரெண்டு மாசம் நாங்க எறங்கவே மாட்டோமே. ஊருக் கட்டுப்பாடு. தழையட்டும்னு விட்டுருவோம். மீறி எறங்குனவ மாரியூருக் கோயில்ல அம்பத்தோரு தேங்கா ஒடைக்கணும். எறங்காத நாள்ல எடைபோடுறவரு தாள்ல என்னத்த எழுதுவாரு? வெறுந்தாளாத்தான் குடுப்பாரு.”

கண்ணாடியைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன்.

அந்த வெறுந்தாள்கள் என் மேசைக்குத்தான் வந்தன. கம்ப்யூட்டரில் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன். காலியாக விடக்கூடாது, எண்ணைப் போடு என்று அது சிவப்பில் முறைத்தது. போட்டுவிட்டேன், பூஜ்யம். ஒரு நாளைக்கு ஒன்றாக இரண்டு மாதத்துக்கும் அறுபத்திரண்டு. தட்டையைக் கொறித்துக்கொண்டே போட்டேன், சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷம் வேறு. யாரோ ஒருவர் அந்தப் பூஜ்யங்களை எடுத்துக் கணக்குப் போட்டார். இன்னொருவர் சிவப்பு அடித்தார். கடலைக் காப்பாற்றச் சும்மா இருந்தவர்களைக் கடலை அழித்தவர்கள் ஆக்கிவிட்டோம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே இரண்டும் என்னிடமே இருந்தன.

கரைக்கு வந்ததும் ராக்குவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை.

“அடிப்பாவி மகளே!” என்று கத்தினார். “அந்த ரெண்டு மாசமும் உப்பளத்துல நின்னு காலு வெந்து கெடந்தோம்டி. பிள்ளைகளுக்கு ஒரு நல்லது பொல்லது வாங்கிக் குடுக்கலை. நீ குளுகுளுன்னு உக்காந்து முட்டை போட்டியாக்கும்?” பிறகு வரைபடத்தை என் கையிலிருந்து பிடுங்கி நான்காகக் கிழித்தார். “இதைக் கிழிச்சா போதுமா? அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கதை எப்பக் கிழிக்கப்போற?”

பகல் 12.40. ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “சரிம்மா, கூட்டம் முடியட்டும். வரைபடம் எல்லாருக்கும் போயாச்சு. இப்போ மாத்தினா தப்பு நம்ம மேலேன்னு ஆயிடும்.”

“தப்பு நம்ம மேலதானே சார்?”

“நீ போட்டோவை மட்டும் எடுத்துட்டு வா. வேற எதையும் தொடாதே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அறுபத்திரண்டு பொய்யை ஏற்றும்போது யாரையும் கேட்கவில்லை, அதை எடுப்பதற்கு மட்டும் கூட்டம் முடியவேண்டுமாம். “தொடத்தான் போறேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

பிற்பகல் 2.15. சாயல்குடியில் ஓர் இன்டர்நெட் சென்டர், மணிக்கு இருபது ரூபாய். ராக்கு காயாத சட்டையோடு கூடவே வந்துவிட்டார். கரண்ட் இல்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல எந்த ஜோசியக்காரனாலும் முடியாது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். கடைக்காரர் ராக்குவின் ஈரச் சட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். “உப்புத் தண்ணிதான், ஒட்டாது” என்றார் ராக்கு. அவர் இடத்தை விட்டு அசையவில்லை.

மாலை 4.05. கரண்ட் வந்தது. தளம் திறக்கவே பத்து நிமிடம். நான் ஏற்றியதை நானே நீக்க எனக்கு அனுமதி உண்டு. ஒவ்வொரு வரியை நீக்கும்போதும் ‘நிச்சயமாகவா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டது. ராக்குவுக்குத் தமிழில் சொன்னேன்.

“ஆமான்னு சொல்லு” என்றார். அறுபத்திரண்டு தடவையும் கேட்டது. அறுபத்திரண்டு தடவையும் அவர் ஆமான்னு சொல்லு என்றார்.

கடைசியில் குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினேன்: இந்த இரண்டு மாதமும் இந்த ஊர்ப் பெண்கள் தாங்களாகவே முடிவு செய்து கடலில் இறங்கவில்லை. பாசி இருக்கிறது, நேரில் பார்த்தேன். பூஜ்யம் போட்டது என் தவறு. கீழே என் முழுப் பெயர். வரைபடத்தைத் திறந்தால் சிவப்பு போய் வெள்ளையாக இருந்தது.

“வெள்ளைன்னா என்னா?”

“தகவல் இல்லைன்னு அர்த்தம்க்கா.”

“தகவல் இல்லையா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்? வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம்?”

வியாழன், காலை 10.30. ராமநாதபுரத்தில் ஒரு கூட்ட அறை, மேலே சுழலும் நான்கு மின்விசிறி, மேசையில் பிஸ்கட் தட்டுகள். சுவரில் பெரிதாக அச்சடித்துத் தொங்கிய வரைபடத்தில் மாரியூர்க் கடல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் அதன் மேல் குச்சியை வைத்தபோது நான் எழுந்துவிட்டேன். “அந்தப் படம் தப்பு. தப்பா ஏத்துனது நான். தளத்துல மாத்தியாச்சு, வேணும்னா இப்பவே பாருங்க.” சொல்லிவிட்டு, கதவில் பியூன் தடுத்து நிறுத்தியிருந்த, ராக்கு உள்ளிட்ட பன்னிரண்டு பெண்களை உள்ளே வரச் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

தலைமை தாங்கிய அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். “சித்திரை வைகாசியில நீங்க கடல்ல இறங்கலைங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?” என்று கேட்டார்.

“ஐயா, எறங்குனதுக்கு ஆதாரம் கேட்டா மூட்டையைக் காட்டுவோம்” என்றார் ராக்கு. “எறங்காததுக்கு எதைக் காட்டுறது? வெறுந்தாளைக் குடுத்தோம், அதுல நீங்க முட்டையைப் போட்டுக்கிட்டீக. நாங்க எறங்காத இடத்தைப் பாக்கணும்னா நீங்கதான் வந்து எறங்கணும்.”

யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. தடை அன்றைக்கு நிறைவேறவில்லை. வரும் சித்திரையில் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று எழுதிக்கொண்டார்கள். அன்று மாலையே என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை, ஒரு வாரத்தில் வேலையும் போய்விட்டது. போகட்டும்.

கூட்டம் நடந்த அன்று மாலை 5.20-க்கு ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஏறினேன். எங்கள் ஊர்க் கண்மாய் நினைவுக்கு வந்தது. தண்ணீர் நிறைந்து கிடக்கும்போதும், ஊர் கூடிச் சொல்லாமல் மடையைத் திறக்கமாட்டார்கள். மடை அடைத்திருப்பதைப் பார்த்து யாராவது கண்மாய் வறண்டுவிட்டது என்று எழுதியிருந்தால் எங்கள் அய்யா அரிவாளைத் தேடியிருப்பார். இந்தப் பெண்கள் பன்னிரண்டு பஸ் டிக்கெட் எடுத்து வந்து பேசிவிட்டுத்தான் போனார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

2009 சித்திரை. எனக்கு வேலை இல்லை, கேமரா இல்லை, தளத்துக்குள் போகவும் வழியில்லை. ஆனாலும் பஸ் இருந்தது. அதே குடியிருப்புக்குப் போய்க் காலை 7 மணி முதல் 11 மணி வரை கரையில் நின்றேன். அதிகாரிகள் யாரும் வரவில்லை. கடல் தெளிந்து கிடந்தது, பாசி அடியில் இருந்தது, தண்ணீரில் ஒருத்தியும் இல்லை. வெயில் ஏறிய பிறகு ராக்குவைத் தேடிக்கொண்டு நடந்தேன். எல்லாரும் உப்பளத்தில் நின்றார்கள்.