நாலரை மணி ஹார்ன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காத்து கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் பாதி டீயோடு எழுந்து போகிற ஆள் நான். குடமுருட்டிக் கரையில் சுடுகாட்டை ஒட்டித்தான் எங்கள் வயல், நடவு நேரத்தில் பம்புசெட்டில் தனியாகப் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர எதுவும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது எனக்குத் தஞ்சாவூரில் ஓர் உர மொத்த வியாபாரியிடம் குமாஸ்தா வேலை, வீடு பாபநாசம். கும்பகோணத்திலிருந்து வருகிற பஸ்களில் படிக்கட்டு வரை ஆள் தொங்கும், பாதி பஸ் நிற்காமலே போய்விடும், மாதத்தில் பத்து நாளாவது முதலாளியிடம் பேச்சு வாங்குவேன். புது வண்டிக்கு வசதியில்லை. ஊரெல்லாம் புதுப்புது பைக் வந்து இறங்கிய காலம் அது, அதனால் பழைய கியர் ஸ்கூட்டர்கள் சல்லிசாகக் கிடைத்தன. அய்யம்பேட்டையில் நசீர் என்பவர் சவூதிக்குக் கிளம்புகிறார், ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுப் போகப் பார்க்கிறார் என்று என் மெக்கானிக் சொன்னார். போய்ப் பார்த்தேன். வெளிர்நீல வண்டி, ஏழு வருடம் ஓட்டியது, ஒரு கீறல் இல்லை. நசீருக்கு நாற்பது இருக்கும், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"இடது பக்கம் லேசா சாச்சிட்டு அப்புறம் உதைங்க தம்பி. முரட்டுத்தனமா உதைச்சா கோவிச்சுக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். தெருமுனை வரை என் கூடவே நடந்து வந்தார். நான் கிளம்பும்போது வண்டியைப் பார்த்தாரே தவிர என்னைப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் ஒருநாள் நசீரின் அண்ணன் ஜமால் பாய் என் அலுவலகத்துக்கே வந்து நின்றார். அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர், வண்டி வாங்கிய அன்று பார்த்ததுதான். வெளியே கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா எடுத்துக்கக் கூடாது. தினம் நாலரை மணிக்கு எங்க தெருவுக்கு எதுக்கு வர்றீங்க?"

எனக்குப் புரியவில்லை. "நான் எங்க பாய் வர்றேன்? ஆறு மணி வரைக்கும் இங்கதான இருக்கேன்."

"என் தம்பி வீட்டு வாசல்ல வந்து ரெண்டு தடவ ஹார்ன் அடிக்கிறீங்க, வண்டி நிக்கற சத்தம் கேக்குது. தம்பி சம்சாரம் தாஹிரா கதவத் திறந்தா ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. புருஷன் வெளிநாட்டுல இருக்கான், அது தனியா இருக்கற வீடு. அக்கம்பக்கம் என்ன பேசும்னு உங்களுக்கே தெரியும்."

"என்னைப் பார்த்தீங்களா?"

அவர் தயங்கினார். "பார்க்கல. ஆனா ஏழு வருஷம் கேட்ட சத்தம் தம்பி. எங்களுக்குத் தெரியாதா?"

முதலாளியையும் கூட வேலை செய்கிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன், எல்லோரும் எனக்காகத்தான் பேசினார்கள், பாய் தலையாட்டிவிட்டுப் போனார், ஆனால் நம்பினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தினமும் அந்த ஊர் வழியாகத்தான் போய் வர வேண்டும், கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று முதுகு கூசும். அந்த அம்மாவின் பேர் என்னால் கெடுகிறதே என்ற உறுத்தல் வேறு. யாரோ என் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். வண்டியை ஜன்னலுக்கு நேரே புங்கமரத்தடியில் நிறுத்தி, சங்கிலி போட்டுப் பூட்டி, நாலு மணியிலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். பில் போடும்போது தப்பு வந்தது. வண்டி அசையாமல் அங்கேயேதான் நின்றது. ஒருநாள் ஐந்து மணிக்குப் போய்ச் சும்மா சைலன்சரில் கை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், சுட்டது. காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டி, நான் கண்ணெடுக்காமல் பார்த்த வண்டி.

அதை ஜமால் பாயிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்லாப் பெட்டியை மூடிவிட்டு, "நாளைக்கு பஸ்ஸுல வாங்க. வண்டி உங்க ஆபீஸ்லயே நிக்கட்டும். சாவிய எங்கிட்ட குடுத்துடுங்க" என்றார்.

மறுநாள் அப்படியே செய்தேன். நசீர் வீட்டு முன்கூடத்தில் நானும் பாயும் உட்கார்ந்திருந்தோம். தெருக்கதவு சாத்தியிருந்தது. தாஹிரா உள்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து டீ கொடுத்தனுப்பவில்லை, தானே கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது.

தெருமுனையில் வண்டி திரும்பியது. இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு இறங்கும்போது ஒரு சின்னக் குலுக்கல் விழும், என் வண்டிக்கு மட்டும் இருக்கிற குலுக்கல், அது விழுந்தது. பக்கத்து வீடு, அப்புறம் நாங்கள் இருந்த வீட்டு வாசல். ஹார்ன் இரண்டு முறை. என்ஜின் நின்றது. ஸ்டாண்டைக் காலால் தள்ளுகிற சத்தம்.

"வந்துட்டாங்க" என்றார் தாஹிரா, திரைக்குப் பின்னாலிருந்து, ரொம்ப மெதுவாக.

பாய் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தார். தெரு காலி. எதிர்வீட்டு நிழலில் ஓர் ஆடு படுத்திருந்தது. பெட்ரோல் வாசனை மட்டும் உள்ளே வந்தது. வண்டிச் சாவி பாயின் சட்டைப் பையில் இருந்தது, அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். தாஹிரா அழ ஆரம்பித்தார். தன் புருஷனுக்கு அங்கே என்னவோ ஆகிவிட்டது, அதைச் சொல்லத்தான் வருகிறார் என்று அந்த அம்மா ஒரு வாரமாகவே மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார்.

சாயங்காலம் பாயும் நானும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். நசீர் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, ஆள் அனுப்பிக் கூப்பிடச் சொல்லி, மறுபடி போட்டோம். நசீரே எடுத்தார். நல்ல குரல், சளிகூட இல்லை. பாய் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் சத்தத்தைப் பற்றியோ நான் வீட்டுக்கு வந்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை, உடம்பு எப்படி, வேலை எப்படி என்று மட்டும்தான் கேட்டார், நான் பக்கத்திலேயே நின்றேன். அப்புறம் ரிசீவரை என் கையில் கொடுத்தார்.

"வண்டி வாங்கின தம்பியா? நல்லா ஓடுதா?" என்றார் நசீர்.

"நல்லா ஓடுதுண்ணே. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். ரெண்டு வருஷத்துக்கு லீவு இல்லன்னுட்டான் முதலாளி. பாஸ்போர்ட்டும் அவன் கையில. மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணி வரைக்கும் கொஞ்சம் படுப்போம், உங்களுக்கு அப்ப நாலரை. கண்ண மூடுனா வண்டிய எடுத்துருவேன் தம்பி. ரயில்வே கேட்டு, கடைத்தெரு, எங்க தெரு, எல்லாம் வந்து வாசல்ல நிறுத்துவேன். அது கதவத் திறக்கறதுக்குள்ள வேலைக்குச் சைரன் அடிச்சிரும். தினமும் அப்படித்தான்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"இன்னைக்குத்தான் சைரன் கொஞ்சம் லேட்டு. உள்ள வரைக்கும் பாத்துட்டேன். நீங்க எதுக்குத் தம்பி என்னப் பாத்ததும் எந்திரிச்சீங்க? உக்காந்தே இருந்திருக்கலாம்ல."

லைன் அங்கேயே அறுந்துவிட்டது.

சாவியை நான் திருப்பி வாங்கவில்லை. மறுநாள் ஜமால் பாய் வந்து வண்டியைத் தம்பி வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார், நான் பழையபடி பஸ்ஸில் தொங்கினேன். நசீர் சொன்னபடி இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து அங்கேயே கடை போட்டுவிட்டார். அதே ஸ்கூட்டரில் தாஹிராவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவதை நிறைய தடவை பார்த்திருக்கிறேன். கை காட்டுவார், நானும் காட்டுவேன். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததில்லை.

போனில் அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் இந்நேரம் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். ஆனால் பாய் கதவைத் திறந்தபோது நான் எழுந்தேன், அது நிஜம். வீட்டுக்காரர் உள்ளே வரும்போது விருந்தாளி எழுவது போல, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக்கூட இறக்கிக்கொண்டு எழுந்தேன். வாசலில் யாரும் இல்லை. யாரைப் பார்த்து எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.