சிரிக்கும் மெடூசாவும் ஒரு போணியும்

ஏதென்ஸின் அவிசினியாச் சதுக்கத்தில் ஞாயிறுதோறும் கடை விரிப்பவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, சரக்கின் வயதைக் கூட்டிச் சொல்பவர்கள். இரண்டு, கல்லிரோயி. பக்கத்து மேசையில் கால் ஆடும் நாற்காலிகளை அரண்மனைச் சரக்கென்று விற்கும் எனக்கு முதல் வகையில் கௌரவமான இடம் உண்டு என்பதால், இந்த வரலாறு நடுநிலையானது என்று நம்பலாம்.

கல்லிரோயி விற்பது வெள்ளி நகை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கப்பலில் வந்திறங்கிய சீமாட்டிகளுக்காகச் செய்தவை: ஆந்தைப் பதக்கம், இறக்கைக் குதிரை, கடாத்தலை வளையல், முறைத்தே ஆளைக் கல்லாக்கும் பாம்புக் கூந்தல் மெடூசா. இளவயதில் பிரேயஸ் துறைமுகக் கடையில் நின்று இவற்றை விற்றவளும் அவள்தான். வாங்கியவர்கள் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் அலமாரியைக் காலி செய்ய, வெளிநாட்டு ஏலங்கள் வழியாக அதே நகைகள் அவளிடமே திரும்புகின்றன. "வாடீ, ஊரெல்லாம் சுத்தி முடிச்சாச்சா?" என்றுதான் பொட்டலத்தைப் பிரிப்பாள்.

வயதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறாள். ஆனால் முதலில் பார்ப்பது நகையில் செதுக்கிய தேவியின் கொண்டையை. அப்ரோடைட்டியின் தலையில் தேன்கூடு போல் கொண்டை உயர்ந்திருந்தால் அறுபதுகள். நடுவகிடு எடுத்துத் தோளில் தொங்கவிட்டிருந்தால் எழுபதுகள். தேவலோகத்தாரும் காலத்துக்கேற்ப சலூனுக்குப் போயிருக்கிறார்கள் என்பது அவளது ஆராய்ச்சி முடிவு. அப்புறம் நகையைத் திருப்புவாள். வெள்ளியின் தர எண், பட்டறையின் எழுத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கிரீஸ்' என்ற முத்திரை. அலெக்சாந்தர் காலத்துத் தட்டானுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை நம் சதுக்கத்தில் ஒப்புக்கொள்பவள் அவள் ஒருத்தியே.

விலை வைப்பதிலும் தனி வழி. பளபளவென்று மெருகேற்றியிருந்தால் குறைப்பாள். மெடூசாவின் மூக்கு தேய்ந்திருந்தால் கூட்டுவாள். "யாரோ ஒருத்தி தினம் போட்டிருக்கா. மூக்கு தேயற அளவுக்குப் பிரியம்! அதுக்குக் காசு வேணாமா?"

இவ்வளவும் மன்னிக்கப்பட்டிருக்கும். மன்னிக்க முடியாதது, இது வெறும் சுற்றுலா நினைவுப் பொருள்தான் என்று அவள் எழுதி வைத்த அட்டைகள். "சுவனீர். 1967. மெடூசா சிரிக்கிறாள், முறைத்தால் விற்காது." இதைப் படித்துச் சிரிக்கும் சுற்றுலாக்காரர்கள், சிரித்து முடித்ததும் எங்கள் மேசைகளைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

அதிகம் பாதிக்கப்பட்டவர் எங்கள் சங்கத் தலைவர் தெமிஸ்தோக்லிஸ். போன வருஷம் அலெக்சாந்தர் தலை பொறித்து வார்த்த வெள்ளி மோதிரங்களை, நசுக்கிய அவித்த முட்டையோடு டப்பாவில் அடைத்து வைப்பார். திறக்கும்போது கறுத்து, இரண்டாயிரம் வயது ஏறியிருக்கும். ஆனால் பழங்காலப் பொருள் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. மோதிரத்தைப் பார்ப்பார், அண்ணாந்து குன்றின்மேல் நிற்கும் பழைய அக்ரோபொலிஸைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு. மிச்சத்தை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்வார்.

சங்கம் தீர்மானம் போட்டது: சதுக்கத்தில் எவரும் 'சுவனீர்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, 'மரபுப் பொருள்' என்றே வழங்க வேண்டும்.

"மரபுப் பொருளா? அது எங்க மாமனாரு," என்றாள் கல்லிரோயி. அட்டைகளை இன்னும் பெரிய எழுத்தில் எழுதினாள்.

சட்டம் வேகாததால் தலைவர் போணியைக் கையில் எடுத்தார். எங்களுக்கு எல்லாவற்றையும் விடப் போணி பெரிது. நாளின் முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் கடை வரிசை முழுவதற்கும் அன்றைய பிழைப்பு போச்சு. தலைவரின் கொழுந்தியாள் பொலிக்சேனி, ஞாயிறு விடிந்ததும் கல்லிரோயியின் மேசைக்கு முதல் ஆளாக வர ஆரம்பித்தாள்.

"இந்த மெடூசா அந்தக் காலத்ததா?"

"அறுபத்தேழு."

"அப்போ வேணாம்."

"விலையக் குறைக்கிறேன், எடுத்துக்கோ. வயசக் கூட்டச் சொல்லாத."

பொலிக்சேனி போய்விடுவாள். தொடர்ந்து சில ஞாயிறு இப்படியே. வியாபாரம் மந்தமானதற்கு மழை, வேலைநிறுத்தம் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் வரிசை மொத்தமும் கல்லிரோயியை முறைத்தது. அவள் மேசையைச் சதுக்கத்தின் முகப்பிலிருந்து பின்சந்துக்கு மாற்றுவது பற்றி அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு என்று அறிவிப்பு வந்தது. பின்சந்துக்குப் பூனைகள் மட்டுமே போகும். அங்கே போனால் அவள் கடைக்கு மூடுவிழா என்பது எல்லோருக்கும் தெரியும், பூனைகள் உட்பட.

"பேசாம அந்த அட்டையக் கிழிச்சிடுக்கா," என்றேன்.

"ஏன் கிழிக்கணும்? இது பொய்யான பழசு இல்லடா. நெஜமான சுவனீர். நின்னு வித்தவ நான், எனக்குத் தெரியாதா?"

அந்த ஞாயிறு தலைவர் துணி விரித்துத் தட்டுகளை அடுக்கி முடிக்கவில்லை. கல்லிரோயி கையில் எள் ஒட்டிய கொலூரி ரொட்டி வளையத்தைக் கடித்தபடி அவர் முன் வந்து நின்றாள். சுற்றிலும் வரிசை கூடியது. முனைக் காப்பிக் கடையில் சுற்றுலாப் போலீஸ்காரர் ஒருவர் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"தலைவரே, நான்தான் போணி. அந்த அலெக்சாந்தர் மோதிரம் எந்தக் காலத்தது?"

தலைவர் அக்ரோபொலிஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பெருமூச்சு வேணாம். வாயால சொல்லுங்க."

"பழசுதாம்மா... ரொம்பப் பழசு."

"அலெக்சாந்தர் காலத்ததா?"

"அப்படியும் வச்சுக்கலாம்."

"மாதாவே! அப்போ அது அரசாங்கச் சொத்தாச்சே? வித்தா ஜெயிலாச்சே? அதோ ஐயா உக்காந்திருக்காரு, கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

போலீஸ்காரர் தலையைத் திருப்பினார். தலைவரின் நெற்றியில் வேர்வை.

"இல்லல்ல, அந்தக் காலத்தது இல்ல..."

"பின்ன எந்தக் காலத்தது? சொல்லாட்டி நான் வாங்காமப் போயிடுவேன். போணி கெட்டா என்மேல பழி சொல்லாதீங்க."

வரிசை மொத்தமும் தலைவரைப் பார்த்தது. போணி கெடுவதை எங்களால் கற்பனைகூடச் செய்ய முடியாது. "சொல்லித் தொலைங்க தலைவரே!" என்று யாரோ கத்தினார்கள். நானாகவும் இருக்கலாம்.

"சுவனீர்," என்றார் தலைவர், தரையைப் பார்த்து.

"காது கேக்கல."

"சுவனீர்! போதுமா?"

"போதும். சுவனீர் விலை சொல்லுங்க."

சொன்னார். கல்லிரோயி மோதிரத்தை மோந்து பார்த்து, முட்டைக்கென்று கொஞ்சம் குறைத்துக் காசைக் கொடுத்தாள். "முகவாய்ல தடவித் துப்புங்க தலைவரே. போணியாச்சே." முறைப்படி காசை முகவாயில் தடவி, த்தூ த்தூ என்று துப்பினார். அவ்வளவு ஆத்மார்த்தமாகத் துப்பி நான் பார்த்ததில்லை.

வாக்கெடுப்பு நேரம் வந்தது. தடைசெய்யப்பட்ட சொல்லைப் பகிரங்கமாக உரக்கச் சொன்னவரே பின்சந்துக்கு முதலில் போக வேண்டும் என்று ஒரு கிழவர் சங்கத்தின் பழைய தீர்மானத்தை எடுத்துக்காட்ட, கை தூக்க வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

கல்லிரோயியின் மேசை முகப்பிலேயே இருக்கிறது. சிரிக்கும் மெடூசாவுக்கு அருகில் அலெக்சாந்தர் மோதிரம் ஒன்றும் இருக்கிறது. அதன் அட்டை: "சுவனீர். போன வருஷம். முட்டையில் வெந்தது. விற்பனைக்கு இல்லை."