புதுப் பல்லோடு வந்த சாக்ஸபோன்காரர்

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் ஒரு கொத்துரொட்டிக் கடை. நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். எதிர் மேசையில் ஒரு கறுப்பின முதியவர் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு தாடையைத் தடவியபடி இருக்கிறார்.

"யாரக்கா இவர்?" என்று கடைக்கார அக்காவிடம் கேட்கிறேன்.

"வால்ட்டர். அமெரிக்கர். இளவயசிலை ரிதம் அண்ட் புளூஸ் இசைக்குழுவோடை வந்தவர். பிறகு ஜாஸுக்கு மாறி இஞ்சையே நிண்டிட்டார். ஐம்பது வருஷமா வாசிச்ச மனுசன் தம்பி. போன வருஷம் பல்லெல்லாம் பிடுங்கினாப் பிறகு வாசிக்கேலாமல் போச்சு."

"ஊதுறதுக்குப் பல்லு எதுக்கு?"

"வாத்தியத்தின்ரை வாயிலை மேல்பல்லை ஊண்டித்தானாம் ஊதவேணும். இண்டைக்குப் புதுப்பல்லு கட்டியிருக்கிறார். வீட்டிலை தனிய ஊதிப் பாக்கப் பயமாம், அதுதான் இஞ்சை வந்தவர்."

அவர் வாயில் வைத்து ஊதுகிறார். வெறும் காற்றுதான் வருகிறது. அடுத்து ஒரு பிளிறல். கொத்துரொட்டி போடுபவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். முதியவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடி ஊதுகிறார். கரகரத்த சுரம் ஒன்று தாழ எழுந்து, உடையாமல் நீண்டு, மெல்ல ஒரு மெட்டாகிறது.

"ஓம், வருது!" என்கிறார் அக்கா.

மெட்டு முடிந்ததும் அவர் புதுப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். நாங்கள் கைதட்டுவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறார்.